சாகோஸை மொரிசியஸ் மீட்ட வழி கச்சத்தீவுக்கும் உதவுமா?

கேள்வி: மொரிசியஸ் சின்ன நாடு. பிரிட்டனிடம் பேசியே சாகோஸ் தீவுகளைத் திரும்ப வாங்கியது எப்படி? அதே வழியில் நாம் கச்சத்தீவையும் மீட்க முடியாதா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மொரிசியஸ் வந்தவள் நான். போர்ட் லூயிஸை ஒட்டிய ஒரு கடலோரப் பகுதியில் குடியிருக்கிறோம். மாலை நேரத்தில் கோவில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் தெருவிலேயே சாகோஸிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் எனக்கு வீட்டு விஷயம் மாதிரி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். வெறும் பேச்சால் எதுவும் கிடைக்கவில்லை. பல வருஷம் பேசிப் பார்த்தார்கள். "எங்கள் பாதுகாப்புக்குத் தேவைப்படாத காலத்தில் தருகிறோம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. பேச வராமல் இருப்பதே பிரிட்டனுக்குச் சங்கடம் என்ற நிலைமையை உண்டாக்கிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. 2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு தீவு கைமாறிவிடவில்லை. பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இரு தரப்பும் உறுதி செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். 2025-ல் இதை வரவேற்ற அமெரிக்கா 2026 ஜனவரியில் தொனி மாறியது. அதிபர் டிரம்ப் இதைப் பெரிய முட்டாள்தனம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே "வாங்கிவிட்டது" என்பதைவிட "வாங்கும் நிலைக்கு வந்தது" என்று வைத்துக்கொள்வோம்.

பேரம் எப்படித் தொடங்கியது என்று தெரியாமல் எப்படி முடிந்தது என்று புரியாது. சாகோஸ் என்பது மாலத்தீவுக்குத் தெற்கே கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பவழத் தீவுகள். மொரிசியஸிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேலே. அதில் பெரியது டியேகோ கார்சியா. 1814-ல் பிரான்ஸிடமிருந்து மொரிசியஸ் பிரிட்டன் கைக்குப் போனபோது சாகோஸும் கூடவே போனது. 1965 வரை மொரிசியஸின் பகுதியாகவே ஆளப்பட்டது.

1965 செப்டம்பரில் சுதந்திரம் பற்றிப் பேச மொரிசியஸ் தலைவர்கள் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸுக்குப் போனார்கள். அதே சமயம் இந்தியப் பெருங்கடலில் ராணுவத் தளம் அமைக்க அமெரிக்கா ஒரு தீவு தேடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 23 அன்று மொரிசியஸ் தரப்பின் தலைவர் சீவூசாகூர் ராம்கூலம், பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் வில்சனைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்காக வில்சன் கையில் கொடுக்கப்பட்ட குறிப்பு பிற்காலத்தில் வெளியே வந்தது. அதன் சாரம்: ராம்கூலத்தை நம்பிக்கை காட்டியே பயமுறுத்த வேண்டும். சுதந்திரம் கிடைக்கலாம் என்பது நம்பிக்கை. சாகோஸைப் பிரித்துக்கொடுக்கச் சம்மதிக்காவிட்டால் அது கிடைக்காமலும் போகலாம் என்பது பயம்.

அன்றைக்கே "கொள்கையளவில் சம்மதம்" வாங்கிவிட்டார்கள். ஈடாக 30 லட்சம் பவுண்டு. கூடவே சில வாக்குறுதிகள்: பாதுகாப்புக்குத் தேவையில்லாமல் போனால் தீவுகளைத் திருப்பித் தருவோம், மீன்பிடி உரிமைக்கு எங்களால் ஆனதைச் செய்வோம், எண்ணெயோ கனிமமோ கிடைத்தால் அதன் பலன் மொரிசியஸுக்கே. 1965 நவம்பர் 8-ல் சாகோஸ் தனிக் காலனியாகப் பிரிக்கப்பட்டது. சுதந்திரம் வந்தது 1968 மார்ச் 12-ல்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஐம்பது வருஷம் கழித்து வழக்கு ஜெயித்தது இந்த ஒரு நாளை வைத்துத்தான். மிரட்டலுக்கு நடுவே கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்பதுதான் வாதத்தின் முதுகெலும்பு. அந்த வாக்குறுதிகளும் வீண்போகவில்லை. அவை பிரிட்டனைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று 2015-ல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. பேச்சுவார்த்தையில் எதிராளி வாய்வார்த்தையாகச் சொன்னதையும் எழுத்தில் வாங்கி வைப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரிந்தது.

அடுத்து மனிதர்கள். 1966-ல் லண்டன் உயர் அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பில், அங்கே கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடி என்று யாரும் இருக்கமாட்டார்கள் என்று இருக்கிறது. உண்மையில் அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தார்கள். தென்னந்தோப்பில் கொப்பரை வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் வழிவந்தவர்கள்தான் பெரும்பாலும். 1967-லிருந்து 1973-க்குள் 1,500-லிருந்து 2,000 பேர் வரை வெளியேற்றப்பட்டார்கள். வைத்தியத்துக்கோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ போர்ட் லூயிஸ் வந்தவர்களிடம், திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1971-ல் டியேகோ கார்சியாவைக் காலி செய்தபோது, வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வண்டிப் புகை விட்டுக் கொன்றார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாந்தின் (இங்கே வயதில் மூத்த பெண்களைக் கிரியோலில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) சாகோஸின் பெரோஸ் பான்யோஸ் தீவில் பிறந்தவர். கப்பலேறும்போது சின்னப் பிள்ளை. அவர் தேங்காய் துருவும்போது கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து "செராஸ்" என்று ஒரு குழம்பு வைப்பார். எங்கள் அத்தை அதில் கொஞ்சம் புளி விடச் சொல்லுவார்; தாந்தின் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே 1982 இழப்பீடு சம்பந்தமான தாளின் நகல். முழுக்க ஆங்கிலச் சட்ட மொழி. அடியில் கையெழுத்துக்குப் பதில் அவர் அம்மாவின் பெருவிரல் ரேகை, ஓரம் கலங்கி, மையில் அப்பிக் கிடந்தது. "பணம் தருகிறோம், இங்கே வை என்றார்கள், அம்மா வைத்தாள்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அந்த 1982 ஏற்பாட்டில் பிரிட்டன் கொடுத்தது 40 லட்சம் பவுண்டு. ஆளுக்கு 3,000 பவுண்டுகூடத் தேறவில்லை. ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது பல பேருக்குப் பின்னால்தான் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அவர் மொழியில் இல்லாத தாளில் ரேகை வாங்குவதை ஒப்பந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் எப்படி நிலைமை மாறியது? இரண்டு தடங்களில் வேலை நடந்தது. ஒன்று, மக்கள் நடத்திய வழக்கு. சாகோஸ் அகதிகள் குழுவின் ஒலிவியே பாங்கூல், தொழிலால் எலக்ட்ரீஷியன், லண்டன் உயர் நீதிமன்றத்தில் 2000-ல் ஜெயித்தார். 2004-ல் நாடாளுமன்றத்துக்கே போகாமல் அரசி பெயரில் ஆணை போட்டு அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கினார்கள். 2008-ல், அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 3-2 என்ற கணக்கில் அந்த ஆணை செல்லும் என்றது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் ஒரு ஜனத்தின் ஊர் போனது.

இன்னொன்று, மொரிசியஸ் அரசு நடத்தியது. நேராக பிரிட்டனோடு மோதாமல், பிரிட்டன் மதிக்காமல் இருக்க முடியாத இடங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். 2017 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை, இந்த விஷயத்தில் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்பதென்று முடிவு செய்தது. ஆதரவு 94, எதிர்ப்பு 15. ஐரோப்பிய நாடுகள் பல நடுநிலையாக ஒதுங்கிக்கொண்டன. பிரெக்ஸிட் நேரம், பழைய நண்பர்கள் பக்கத்தில் நிற்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே சர்வதேச நீதிமன்றத்தில் தனக்கிருந்த நீதிபதி இடத்தையும் பிரிட்டன் இழந்தது. அந்தப் போட்டியில் ஜெயித்தவர் இந்தியாவின் தல்வீர் பண்டாரி.

2018 செப்டம்பரில் சர்வதேச நீதிமன்றம் கூடிய ஹேக் நகரத்து மண்டபத்தில் லிஸ்பி எலிசே என்ற சாகோஸ் அம்மா கிரியோலில் பேசிய வீடியோ போடப்பட்டது. கர்ப்பிணியாகக் கப்பலில் ஏற்றப்பட்டதையும் குழந்தையைப் பறிகொடுத்ததையும் சொன்னார். இங்கே பல வீடுகளில் அதைப் பார்த்தோம். 2019 பிப்ரவரி 25-ல் 13-க்கு 1 என்று கருத்து வந்தது: மொரிசியஸின் காலனி விடுதலை சட்டப்படி முழுமையடையவில்லை, பிரிட்டன் சாகோஸ் நிர்வாகத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும். ஆளும் நாட்டுக்கும் அதன் கட்டுப்பாட்டிலேயே இருந்த காலனிக்கும் இடையில் நடந்ததை சர்வதேச ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, எதிர்த்தவை 6.

இது வெறும் ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டாயப்படுத்தாது என்று பிரிட்டன் சொன்னது. சட்டப்படி அது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு சின்னச் சின்ன இடங்களில் கதவு மூடிக்கொண்டே வந்தது. 2021 ஜனவரியில் மாலத்தீவோடு நடந்த கடல் எல்லை வழக்கில், சாகோஸ் மொரிசியஸுடையது என்ற அடிப்படையிலேயே கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் உலக அஞ்சல் ஒன்றியம் சாகோஸுக்கு பிரிட்டன் வெளியிட்ட தபால்தலைகளை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. தபால்தலையால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு நாட்டின் உரிமையை உலகம் எப்படி அன்றாடம் ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்தால் வரைபடம், தபால்தலை, கடல் எல்லை இவற்றில்தான். 2022 பிப்ரவரியில் மொரிசியஸ் ஒரு கப்பலை அனுப்பி, பெரோஸ் பான்யோஸில் கொடி ஏற்றியது. அந்த நவம்பரில் பேச்சுவார்த்தை தொடங்குகிறது என்று பிரிட்டன் அறிவித்தது.

மேஜையில் மொரிசியஸ் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. டியேகோ கார்சியாவில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளம் வேண்டாம் என்று அது சொல்லவே இல்லை. தீவு யாருடையது என்பது ஒரு கேள்வி, அதை யார் பயன்படுத்துவது என்பது வேறு கேள்வி என்று ஆரம்பத்திலிருந்தே பிரித்து வைத்தார்கள். மனைப் பத்திரம் ஒருவர் பேரில், குத்தகை இன்னொருவர் பேரில் இருப்பது போலத்தான். தளம் போய்விடும் என்ற பயம்தான் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய தடை. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கௌரவமும் கணக்கும்தான்.

கணக்கில் இழுபறி நன்றாகவே நடந்தது. 2024 அக்டோபர் 3-ல் அன்றைய மொரிசியஸ் பிரதமர் பிரவிந்த் ஜக்நாத்தும் பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மரும் உடன்பாட்டை அறிவித்தார்கள். அடுத்த மாதமே தேர்தலில் ஜக்நாத் தோற்க, நவீன் ராம்கூலம் பிரதமரானார். 1965-ல் லண்டனில் உட்கார்ந்த அதே சீவூசாகூர் ராம்கூலத்தின் மகன். நிபந்தனைகள் போதாது என்று அவர் மறுபடி பேச வைத்தார். கடைசியில் டியேகோ கார்சியா 99 ஆண்டு குத்தகை. சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 16.5 கோடி. சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி. பணத்தைப் பொறுத்தவரை நல்ல பேரம்தான்.

ஆனால் எனக்கு இந்த ஒப்பந்தத்தில் நெஞ்சு ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. டியேகோ கார்சியாவைத் தவிர்த்த தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரிசியஸுக்கு உரிமை உண்டு என்கிறது அது. கடமை உண்டு என்று சொல்லவில்லை. பலரும் வாழ்ந்தது டியேகோ கார்சியாவில். அங்கே குடியேற்றம் கிடையாது. பெரோஸ் பான்யோஸிலும் சாலமனிலும் தேவாலயச் சுவர், கிணறு, கல்லறைகளைத் தவிர இன்றைக்கு ஒன்றும் மிச்சமில்லை. படகுத்துறையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். இதையெல்லாம் முடிவு செய்த மேஜையில் சாகோஸ் மக்களுக்கென்று ஒரு நாற்காலி போடப்படவில்லை. பாங்கூல் தரப்பு ஒப்பந்தத்தை ஆதரிக்கிறது. இங்கிலாந்தில் கிராலி பக்கம் குடியேறியவர்கள் பலர் எதிர்க்கிறார்கள். டியேகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் போட்ட மனுவால், கையெழுத்தாக வேண்டிய அன்று விடியற்காலையில் லண்டன் நீதிமன்றம் தடை விதித்தது. சில மணி நேரத்தில் நீங்கிவிட்டது. 1965-லும் அவர்களைக் கேட்கவில்லை, 1982-ல் கேட்டது போல் காட்டினார்கள், 2025-லும் இரண்டு அரசுகளே பேசி முடித்தன.

இங்கே ஊரில் எல்லாரும் இதே கவலையில் இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். 2025 ஜூன் பட்ஜெட்டில் முதியோர் ஓய்வூதிய வயதை 60-லிருந்து 65 ஆக்கும் அறிவிப்பு வந்தபோது, கோவில் வாசலில் கேட்ட பேச்சு "சாகோஸ் பணம் இவ்வளவு வருதே, அப்புறம் ஏன் எங்கள் பென்ஷனில் கை வைக்கிறார்கள்" என்பதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் யாருடைய ஊருக்கான வாடகை என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

தமிழர்களுக்கு இந்தத் தீவோடு நேரடியான சம்பந்தமும் ஒன்று உண்டு, தமிழ்நாட்டில் பல பேருக்கு இது தெரியாது. 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய இலங்கைத் தமிழர்கள் 89 பேரின் படகு நடுக்கடலில் பழுதாகி, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலி போட்ட கூடார முகாமில், எலிகளோடு, பலர் மூன்று வருஷம் கிடந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். பெயர்தான் முகாம், மற்றபடி அது சிறையே என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிபதியே தீர்ப்பெழுதினார். அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றார். அதற்குச் சற்று முன்னால்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்கு அழைத்துப்போக ஒத்துக்கொண்டார்கள். குடிமக்களே இல்லாத ஒரு நிலத்தை வைத்துக்கொண்டால் அங்கே வந்து சேருபவனுக்குக் கேட்க நாதி இருக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, கச்சத்தீவு. சாகோஸ் தீர்ப்பைக் காட்டிக் கச்சத்தீவைக் கேட்க முடியாது. சாகோஸில் ஜெயித்தது, சுதந்திரத்துக்கு முன் ஆளும் நாடு காலனியை வெட்டியது தப்பு என்ற வாதம். கச்சத்தீவு 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இரண்டு சுதந்திர நாடுகளின் சார்பில் போட்ட எல்லை ஒப்பந்தம். சேதுபதி ஜமீன் காலத்து ஆவணங்கள் நம் பக்கம் எவ்வளவு பலமாக இருந்தாலும், டெல்லி கையெழுத்துப் போட்ட பிறகு வெளிநாட்டு நீதிமன்றத்தில் அதன் எடை குறைவு. நம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு. அவை அந்தக் கையெழுத்து நம் அரசியல் சாசனப்படி செல்லுமா என்பதைப் பற்றியவை.

சாகோஸிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொரு விஷயத்தை, உடைமையையும் பயன்பாட்டையும் பிரித்துப் பேசியதை. 285 ஏக்கர் கச்சத்தீவில் குடிதண்ணீர்கூடக் கிடையாது. ராமேஸ்வரத்துக்காரருக்கு அந்த மண் முக்கியமா, அதைச் சுற்றிய கடல் முக்கியமா? 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, நம் மீனவர்களும் அந்தோணியார் கோவில் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. 1976-ல் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த அரசே இல்லை. எங்கள் கரையில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. சாகோஸ் தாந்தினுக்கு நடந்ததும் எங்கள் பக்கத்து மீனவருக்கு நடந்ததும் அளவில் ஒன்றல்ல, ஆனால் மேஜையில் இடம் இல்லாமல் போனதில் ஒன்றுதான்.

ஆகவே தீவைத் திருப்பிக் கொடு என்று கேட்பதைவிட, எந்த மாதம், எந்த வகைப் படகு, எந்த வலை, எத்தனை பேர் என்று உரிமம் வைத்து மீன்பிடி அனுமதி கேட்பது நடக்கக்கூடிய பேரம் என்று நான் நினைக்கிறேன். அதில் நாமும் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கும்: கடலின் அடித்தரையையே அள்ளும் இழுவை மடி (விசைப்படகு இழுக்கும் பெரிய வலை). யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் போர் முடிந்து கடலுக்குத் திரும்பினால், நம் விசைப்படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்று சொல்கிறார்கள். அவர்களும் தமிழர்கள்தான், அந்தப் புகாரும் உண்மைதான். 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் இரண்டு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இழுவை மடியை நிறுத்த எவ்வளவு காலம் என்பதில்தான் முட்டிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து அந்தப் பேச்சை மீனவர்களையே வைத்துத் தொடங்கச் சொல்லி நம் எம்.பி.க்களை நெருக்குங்கள். கச்சத்தீவு பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் வரும் மேடைப் பேச்சைவிட அது ராமேஸ்வரத்துக்குச் சீக்கிரம் சோறு போடும்.